துருவக் கடல் நுண்ணுயிரிகள்: குளிரை மட்டும் வைத்துப் போடும் தப்புக்கணக்குகள்

துருவக் கடல் நுண்ணுயிரிகள் என்றதும் எல்லோரும் முதலில் பார்ப்பது வெப்பநிலையை. கடல்நீர் உறைவது ஏறக்குறைய மைனஸ் 1.8 டிகிரியில், அந்தக் குளிரைத் தாங்குவது வாழும், நீர் சூடானால் மாறும் என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். குளிர் முக்கியம்தான். ஆனால் வெப்பமானியை மட்டும் நம்பினால் பாதிதான் தெரியும்.

கிரீன்லாந்துக்கும் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கும் இடையே உள்ள ஃபிராம் நீரிணையை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே, உப்பு மிகுந்த வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் வடக்கு நோக்கி ஓடுகிறது. மேற்கே, உப்புக் குறைந்த குளிர்ந்த ஆர்க்டிக் நீர் பனிக்கட்டியையும் சுமந்துகொண்டு தெற்கே இறங்குகிறது. ஒரே அட்சரேகைதான், வெயிலும் இருளும் பொதுதான், ஆனாலும் இரண்டு பக்கமும் வாழும் கூட்டம் வேறு. பழியை வெப்பநிலைமேல் போடத் தோன்றும். ஆனால் வெப்பத்தோடு உப்பும், பனியும், சத்தும், நீர் வந்த வழியும் அங்கே சேர்ந்தே மாறுகின்றன. ஆகவே எத்தனை டிகிரி வடக்கே மாதிரி எடுத்தோம் என்பதைவிட, எந்த நீரில் எடுத்தோம் என்பதுதான் முதல் கேள்வி.

அப்புறம், இரண்டு துருவமும் ஒன்றுதான் என்ற நினைப்பு. ஆர்க்டிக்கில் இருப்பது உலகக் கடல்நீரில் சுமார் 1 சதவீதம்; அதில் வந்து விழுவதோ உலக ஆற்றுநீரில் சுமார் 10 சதவீதம். லேசான அந்த நன்னீர் மேலே மூடிபோல் நிற்பதால், பாசிக்கு (ஒளியில் வளரும் நுண்ணுயிரிகளுக்கு) உரமாகும் ஆழத்து நைட்ரேட் மேலே வருவது கடினம். அண்டார்டிகாவைச் சுற்றிய தென்பெருங்கடலிலோ நைட்ரேட் தாராளம், பற்றாக்குறை இரும்புக்கு. எனவே ‘பனி உருகினால் பாசி பெருகும்’ என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஆர்க்டிக் கடலின் ஆழமான பகுதியான கனடா வடிநிலத்தில் 2004 முதல் 2008 வரை மேல்நீரின் உப்பு குறைந்தபோது, பெரிய பாசிகள் குறைந்து மிகச் சிறியவை பெருகின. உணவுச்சங்கிலிக்கு இது சின்ன விஷயமல்ல.

பனிக்கு அடியில் இருட்டு, எதுவும் வளராது என்பதும் தவறு. 2011 ஜூலையில், அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் வடக்கே உள்ள சுக்சி கடலில், சுமார் ஒரு மீட்டர் தடிமன் பனிக்கு அடியில் பாசி அடர்ந்து மண்டியிருந்தது. மேலே உருகித் தேங்கிய குட்டைகள் வழியாக ஒளி இறங்கியிருந்தது. செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்கவே முடியாது.

குளிர்காலம் என்றால் உறக்கம் என்பதும் அப்படித்தான். அண்டார்டிக் தீபகற்பத்தின் மேல்நீரில் அம்மோனியாவைக் கொண்டு பிழைக்கும் ஆர்க்கியா (பாக்டீரியா போலத் தோன்றும் வேறொரு நுண்ணுயிர் இனம்) பெருகுவது குளிர்காலத்தில். கோடையில் அவற்றைத் தேடத்தான் வேண்டும். கப்பல்கள் பெரும்பாலும் கோடையில் போவதால்தான் இந்தக் குழப்பம். ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் 2019 இலையுதிர்காலத்தில் ஆர்க்டிக் பனியோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு துருவ இரவிலும் மிதந்ததன் அருமை இங்கேதான் புரியும்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது சதவீதத்தை எண்ணிக்கையாகப் படிப்பதுதான். நீரில் எந்தெந்த வகை நுண்ணுயிரி இருக்கிறது என்று அறிய உதவும் டிஎன்ஏ வாசிப்பு தருவது பங்குகளை மட்டுமே. ஒரு மில்லி நீரில் மொத்தம் 2 லட்சம் பாக்டீரியா, அதில் ஒரு வகை 1 லட்சம் என்று வையுங்கள். வசந்தத்தில் மற்றவை பெருகி மொத்தம் 5 லட்சமானால், அந்த வகை ஒன்றுகூடக் குறையாமலே 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கிவிடும். ‘கடல் மாறியதால் இந்த வகை அழிகிறது’ என்று தலைப்பு போட அது போதும்! செல்களைத் தனியாக எண்ணியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.