பூல் க்யூ டிப்: சாஃப்ட்டா, ஹார்டா, எதை வச்சு ஆடறது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பூல் (டேபிள்ல குச்சியால பந்த அடிச்சு குழியில போடற ஆட்டம்) பார்லருக்கு புதுசா வர்ற பசங்க நிறைய பேரு முதல்ல கேக்கறது எந்த க்யூ, அதாவது அடிக்கற குச்சி, வாங்கலாம்ணான்னுதான். க்யூவ அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, அதோட நுனியில ஒட்டியிருக்குற சின்ன தோல் துண்ட, அதாவது டிப்ப, முதல்ல பாருங்க, வெள்ளப் பந்த தொடறது அது ஒண்ணுதான், அதுவும் ஏறக்குறைய ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரம்தான் தொடுது. அது சாஃப்ட்டா இருந்தா ஆட்டம் எப்படி மாறும், ஹார்டா இருந்தா எப்படி மாறும்னு நீங்களே டேபிள்ல செஞ்சு பாத்து கத்துக்கலாம், யாரையும் கேக்க வேண்டியதில்ல.

முதல் ஸ்டெப்: டிப்ப உத்துப் பாருங்க

பார்லர்ல ஸ்டாண்டுல இருக்குற க்யூல மூணு நாலு எடுத்து லைட்டுக்கு அடியில பக்கத்துல பக்கத்துல வைங்க. பூல் க்யூ டிப் பொதுவா 12-ல இருந்து 13 மி.மீ. அகலம் இருக்கும், ஸ்னூக்கர் க்யூனா 9, 10 மி.மீ.தான். ஓரம் ஃபெருல (டிப்புக்கு கீழ க்யூ நுனியில இருக்குற வளையம்) தாண்டி காளான் மாதிரி பிதுங்கி நிக்குதுன்னா பெரும்பாலும் அது சாஃப்ட் டிப், அடி வாங்கி விரிஞ்சிருக்கு. மேல்பக்கம் பளபளன்னு கண்ணாடியாட்டம் மின்னுதுன்னா அது இறுகிப் போன டிப், சாக் (வழுக்காம இருக்க டிப்ல தடவுற பொடிக் கட்டி) அதுல நிக்கவே நிக்காது. கட்டைவிரல் நகத்தால அழுத்துங்க, சாஃப்ட்ல லேசா தடம் விழும், ஹார்டுல ஒண்ணும் ஆகாது. ஒண்ணு கவனிங்க, சாஃப்ட்டுன்னு சொல்லி ஒட்டுன டிப்பும் ரொம்ப நாள் அடிச்சு தேஞ்சு மெலிஞ்சு போச்சுன்னா ஹார்டு மாதிரிதான் ஆடும், அதனால பேர நம்பாம டிப்ப நம்புங்க.

ரெண்டாவது ஸ்டெப்: ஒரே ஷாட்ட ரெண்டு க்யூல அடிங்க

வெள்ளப் பந்துல இருந்து ரெண்டு அடி தள்ளி நேரா ஒரு பந்த வைங்க. நடுவுல அடிங்க, ஒரே வேகத்துல கைய விடுங்க. ஹார்டு டிப்புனா டக்குனு சத்தம் வந்து பந்து வேகமா ஓடும், ஏன்னா டிப் நசுங்குறதுல போற சக்தி கம்மி. சாஃப்ட்ல சத்தம் அமுங்கி வரும், பந்தும் கொஞ்சம் மெதுவா போகும், அதே தூரம் போகணும்னா கைய இன்னும் கொஞ்சம் விடணும். மெதுவா தள்ளி நிறுத்துற ஷாட்ல நிறைய பேருக்கு சாஃப்ட் பிடிக்கறதுக்கு இதுதான் காரணம்.

இப்ப ஸ்க்ரூ அடிங்க, அதாவது வெள்ளப் பந்தோட கீழ்ப்பக்கம் அடிச்சு, மோதுன பிறகு அது பின்னால திரும்பி வர்ற ஷாட். சாஃப்ட் டிப்புனாதான் ஸ்பின் நிறைய ஏறும்னு எல்லா பார்லர்லயும் சொல்லுவாங்க, நான் அத ஒத்துக்க மாட்டேன். சாஃப்ட் டிப் பந்த கொஞ்சம் கூடுதல் நேரம் தொடறது உண்மைதான், ஆனா அந்த நேரமே ஸ்பின்ன ஏத்திடாது. நடுவுல இருந்து எவ்வளவு தள்ளி அடிக்கறீங்க, எவ்வளவு வேகமா அடிக்கறீங்க, டிப் வழுக்காம பிடிக்குதா, ஸ்பின் இந்த மூணுலதான் இருக்கு. வெறும் மரக்குச்சியில ஆடுன காலத்துல ஓரத்துல அடிச்சா வழுக்கிடும், 1800-களோட ஆரம்பத்துல ஃபிரான்சுவா மிங்கோங்கற ஃபிரெஞ்சுக்காரர் தோல் டிப்ப கொண்டுவந்த பிறகுதான் நம்பி ஸ்பின் போட முடிஞ்சது. சாஃப்ட்ல சாக் நல்லா ஒட்டும், அதனால பயமில்லாம கீழ அடிக்கறோம், ஸ்பின் வருது. பெருமை டிப்போட மென்மைக்குப் போகுது, வேலைய செஞ்சது சாக்.

இத கண்ணால பாக்கணும்னா வெள்ளப் பந்துக்கு பதிலா ஒரு பட்டை போட்ட பந்த வைங்க, பட்டை படுக்கையா இருக்கணும். பந்து குறுக்களவு 57 மி.மீ., நடுவுல இருந்து 14 மி.மீ. வரைக்கும்தான் டிப் பிடிக்கும், அதாவது ஆரத்துல பாதி. பட்டையோட ஓரமும் கிட்டத்தட்ட அங்கதான் முடியுது. சாக் நல்லா போட்டு அடிச்சுட்டு பந்த எடுத்துப் பாருங்க, நீல நிறத்துல குட்டியா ஒரு பொட்டு இருக்கும். அது பட்டைக்குள்ள கீழ் ஓரத்துக்கிட்ட இருந்தா அருமையான ஸ்க்ரூ. பட்டைய தாண்டி அடிச்சீங்கன்னா எந்த டிப்பா இருந்தாலும் மிஸ்க்யூதான், டிப் வழுக்கிடும். முக்கால்வாசி புதுப் பசங்க கீழ அடிச்சதா நினைப்பாங்க, பொட்டு நடுவுலயே இருக்கும்.

சைடு போட்டா, அதாவது வெள்ளப் பந்த இடது, வலது பக்கமா அடிச்சா, பந்து குறி விட்டு விலகுதே, அதுக்கும் டிப்ப திட்டாதீங்க, அது க்யூ நுனிப்பக்கத்து எடையப் பொறுத்தது.

மூணாவது ஸ்டெப்: வாங்கறது

மீடியம் வாங்குங்க. லீ ப்ரோங்கற பிராண்டு போதும். எல்க் மாஸ்டர் சாஃப்ட், நீல நிறத்துல இருக்கும், அடிக்கடி ஓரம் சீவணும். ட்ரையாங்கிள் கொஞ்சம் ஹார்டு. காமுய் மாதிரி அடுக்கு அடுக்கா ஒட்டுன டிப் பிதுங்கறது கம்மி, ஆனா வெல ஜாஸ்தி, இப்ப வேணாம். பிரேக் (ஆட்டம் ஆரம்பிக்கற மொத அடி) அடிக்க மட்டும் தனி க்யூ வச்சிருக்கறவங்க ஃபினாலிக்ங்கற ரொம்ப ஹார்டான பிளாஸ்டிக் டிப் போடுவாங்க, அது உங்களுக்கு தேவையே இல்ல. ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துலதான இருக்கு, தோல் வாங்கி வட்டமா வெட்டி ஒட்டிக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, டிப்புக்கான தோல அழுத்தி இறுக்கி செய்யறாங்க, ஷூ தோல் அதுக்கு நிக்காது. ஓசூர்க்காரங்களுக்கு பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், கடையில கையால தொட்டு வாங்கலாம், மத்தவங்க ஆன்லைன்ல வாங்குங்க.

நாலாவது ஸ்டெப்: வளைவு

தட்டையான டிப்ல ஸ்பின் சரியா வராது. அமெரிக்காவுல நிக்கல்ங்கற 5 சென்ட் காயின் வளைவுக்கு தேய்ப்பாங்க, அது 21 மி.மீ., நம்ம 1 ரூபா காயினும் கிட்டத்தட்ட அதே அளவுதான். காயின டிப் மேல நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரா பிடிங்க, ரெண்டு வளைவும் ஒண்ணா போற வரைக்கும் உப்புத்தாள் வச்சு ஓரத்துல இருந்து நடுவுக்கு தேய்ங்க, நடுவுல தேய்க்காதீங்க. ஹார்டு டிப்புனா பளபளப்பு வரும்போதெல்லாம் லேசா சொரசொரப்பாக்கணும்.

அஞ்சாவது: ஒவ்வொரு ஷாட்டுக்கும் சாக். குழி விழற மாதிரி சாக்க திருகாதீங்க, பூசற மாதிரி தடவுங்க, டிப்ப திருப்பித் திருப்பி பாத்து வெறும் தோல் தெரியற இடத்துல இன்னொரு தடவ தடவுங்க.

புது டிப் ஒட்டுனா ஃபெருல் மேல இருக்குற பழைய பசைய முழுசா சுரண்டி சமமா தேச்சுட்டு ஒட்டுங்க, ராத்திரி ஒட்டிட்டு காலையில ஆடுங்க. மொத ரெண்டு மூணு கேமுக்குள்ள ஓரம் பிதுங்கும், பிளேடால ஃபெருலோட சமமா சீவிட்டு பேப்பர சுத்தி சூடு ஏற தேய்ங்க, ஓரம் இறுகிடும்.