சித்திரையில் மல்லிகை மணக்க, கார்த்திகையில் கத்திரி எடுங்கள்

மாடியில் மல்லிகை வளர்ப்பவர்கள் பங்குனி மாதத்தில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: செடி தளதளவென்று இருக்கிறது, பூவைத்தான் காணோம், என்ன உரம் போடலாம்? அந்த மாதத்தில் எதைப் போட்டாலும் பெரிய பலன் இராது, ஏனெனில் கோடைப் பூவுக்கான முக்கிய வேலை கார்த்திகையிலேயே முடிந்திருக்க வேண்டும். குண்டுமல்லி முற்றிய கிளைகளில் பூப்பதில்லை. புதிதாக விடும் துளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும். செடி எத்தனை துளிர் விடுகிறதோ அதைப் பொறுத்தே பூவின் அளவு அமையும். அந்தத் துளிர்களை ஒருசேர வரவழைப்பதற்குக் கவாத்தைவிட, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிடுவதைவிட, சிறந்த வழி இல்லை.

மல்லிகை பயிரிடும் விவசாயிகள் நவம்பர் கடைசி வாரத்தில், அதாவது கார்த்திகை நடுவில், செடியைத் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிடுகிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் இதுவே. தொட்டிச் செடியாக இருந்தால் மண்மட்டத்திலிருந்து ஒன்றேகால் அடி விட்டு வெட்டினால் போதும். முதலில் காய்ந்த குச்சிகளையும், பென்சிலைவிட மெலிந்து உள்பக்கமாக ஓடும் கிளைகளையும் அடியோடு நீக்கிவிட்டு, பிறகு எஞ்சிய கிளைகளைக் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக நறுக்க வேண்டும். கத்திரி கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய கத்திரி கிளையை நசுக்குமே தவிர வெட்டாது, நசுங்கிய இடம் அழுகும். வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்தால் இரண்டு மூன்று நாள் வெயில் காணும்வரை பொறுத்திருப்பது நல்லது. வெட்டிய பின் மிஞ்சியிருக்கும் இலைகளையும் கையால் உருவிவிடுங்கள்.

இதைச் செய்யத்தான் மனம் வருவதில்லை. என்னுடைய முதல் செடி இரண்டு ஆண்டுகளில் மாடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு ஏழு அடிக்கு ஏறியிருந்தது. அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நான், அந்தக் கோடை முழுவதும் ஒரு முழச் சரத்துக்குக்கூடப் பூவைக் காணவில்லை. அடுத்த கார்த்திகையில் எதிர்வீட்டு அம்மாள் வந்து, நான் கேட்பதற்குள் பாதிக்கு மேல் வெட்டிப் போட்டுவிட்டுப் போனார். மொட்டைக் குச்சிகளாய் நின்ற செடியைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் பதினைந்து நாளில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டிரண்டாகச் செந்நிறம் கலந்த துளிர்கள் எட்டிப் பார்த்தன. மாசி பிறந்த பிறகு அரும்பும் வந்தது.

கவாத்து செய்த கையோடு உரமிட வேண்டும். மேல்மண்ணை இரண்டு அங்குலம் கொத்தி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நன்கு மக்கிய தொழுவுரத்தையும் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கையும் கலந்து நிரப்புங்கள். வயலில் நிற்கும் குண்டுமல்லிச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 60 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்), 120 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 120 கிராம் சாம்பல் சத்து (பொட்டாஷ்) என்று பரிந்துரைத்து, அதை நவம்பரில் ஒரு பாதியும் ஜூன், ஜூலையில் மறுபாதியுமாகப் பிரித்து இடச் சொல்கிறார்கள். தொட்டிக்கு இந்த அளவு மிக அதிகம், அப்படியே இட்டால் வேர் கருகிவிடும். நாம் கவனிக்க வேண்டியது விகிதத்தை மட்டுமே. தழைச்சத்து மற்ற இரண்டில் பாதிதான். வாரந்தோறும் தழைச்சத்து மிகுந்த கடலைப் புண்ணாக்குக் கரைசலை ஊற்றிக்கொண்டிருப்பவர் வீட்டில் இலை மட்டும் பெருகுவதற்கு இதுவே காரணம். எலும்புத் தூளும் ஓரளவு மரச் சாம்பலும் சேர்த்தால் விகிதம் சரியாகும். துளிர் விட்ட பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மி.லி. பஞ்சகவ்யம் கலந்து இலையில் தெளிக்கலாம்.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் கிடைக்காத இடத்தில் இத்தனையும் செய்து பயனில்லை. கோடையில் செடியைவிட வேருக்குத்தான் பாதுகாப்பு வேண்டும். மொட்டை மாடித் தரையில் நேரடியாக வைத்த தொட்டி அடியிலிருந்து வெந்துபோகும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, மேல்மண்ணைக் காய்ந்த சருகாலோ தென்னை நாராலோ மூடாக்குப் போட்டுவிட்டால் ஒருவேளைத் தண்ணீரே போதுமானதாக இருக்கும். காலை எட்டு மணிக்குள், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள்.

ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றும் வீடுகளில் இன்னொரு சிக்கல் வரும். இளம் இலை வெளிறி மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இது இரும்புச்சத்துக் குறைபாடு. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைக்கும் பெர்ரஸ் சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளித்தால் மீண்டும் பச்சை கட்டும்.

அரும்பு கட்டிய பின் தினமும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய மொட்டு ஊதா நிறம் பாய்ந்து, சிறுத்து, மலராமலே உதிர்ந்தால் அதற்குக் காரணம் மொட்டு ஈ. அப்படிப்பட்ட ஒரு மொட்டை நகத்தால் கீறினால், அடிப்பகுதியில் நூல் நுனி அளவுள்ள வெண்புழுக்கள் நெளிவது தெரியும். மொட்டில் ஓட்டையும் எச்சமும் இருந்தால் அது மொட்டுப்புழு. இரண்டுக்கும் முதல் வைத்தியம், தாக்கப்பட்ட மொட்டுகளைப் பறித்து வீட்டைவிட்டு அகற்றுவதுதான். தொட்டியடியில் உதிர்ந்து கிடப்பதை விட்டுவைத்தால் புழு மண்ணில் கூட்டுப்புழுவாகி மறுபடியும் வரும். பிறகு லிட்டருக்கு 3 மி.லி. வேப்ப எண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது செம்பேன். குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பெருமளவு குறைந்துவிடும்.

செடி இனிமேல்தான் வாங்க வேண்டும் என்பவர்கள் ஆடி, ஆவணியில் வாங்கி நடுவதே சரி. மல்லிகை நாற்றுக்குப் பெயர்போன, ராமேசுவரம் அருகிலுள்ள தங்கச்சிமடம் பகுதியிலிருந்து வரும் வேர்விட்ட குச்சிகள் பல ஊர் நாற்றங்கால்களிலும் கிடைக்கின்றன. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இதே குண்டுமல்லி இனத்தைச் சேர்ந்ததே. ரோஜாவைப் போல இதழ் அடுக்கிய வகையை விற்பவர் வற்புறுத்துவார். அது பார்க்க அழகு, சரம் தொடுக்க உதவாது. முல்லை வேண்டுமென்றால் கவாத்துக் கணக்கு மாறும், அதை ஜனவரி கடைசியில்தான் வெட்ட வேண்டும்.

பறிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அரும்புகள் பெரும்பாலும் மூன்றாகச் சேர்ந்தே வரும். நடு மொட்டு முதலில் பருத்து வெளுக்கும், பக்கத்து இரண்டும் அப்போது அரிசி அளவு பச்சையாகவே இருக்கும். அவசரத்தில் காம்போடு கிள்ளினால் மூன்றும் போய்விடும். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நடு மொட்டின் காம்படியில் வைத்து, இழுக்காமல், ஒருபுறமாக மடக்கினால் அது மட்டும் தனியே வரும். சந்தைக்குப் போகும் பூவை விடிவதற்கு முன்பே பறிக்கிறார்கள். வீட்டுக்கு என்றால் மாலை நான்கு மணிக்குப் பறித்துத் தொடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால், இருட்டும் வேளையில் சரத்திலேயே மலரும்.

மூன்றும் பறித்து முடிந்த நுனியை அப்படியே விடாமல், இரண்டு கணு கீழே இறங்கிக் கிள்ளிவிடுங்கள். அங்கிருந்து கிளைக்கும் புதுத் துளிர்களில் அடுத்த அரும்பு வரும்; இவ்வாறு ஒவ்வொரு நுனியாகக் கிள்ளிக்கொண்டே வந்து, ஜூன் மாதத்தில் மறுபாதி உரத்தையும் இட்டுவிட்டால் ஆவணி வரை பூவுக்குப் பஞ்சமிருக்காது.