லொட்ஜின் கரண்ட் பில்லைக் குறைக்க: ராத்திரி மீற்றரில் இருந்து தொடங்குங்கள்

2022 ஆகஸ்டில் இலங்கையில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் இன்னொரு 66. பிறகு இறங்கியும் ஏறியும் வந்தாலும், அட்டன், நுவரெலியாப் பக்கம் லொட்ஜும் கடையும் நடத்துகிறவர்களுக்கு மாதக் கடைசி இன்னும் பயம்தான். வழி தேடி இணையத்துக்குப் போனால் எல்லாரும் ஏசியைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். குளிரில் கம்பளி போர்த்தும் ஊரில் ஏசி எதற்கு? நம் காசு போவது வெந்நீரில்.

1. இரண்டு தடவை மீற்றர் பாருங்கள்

இரவு 10 மணிக்கு எல்லாரும் படுத்த பிறகு ஒரு தடவை, காலை 6 மணிக்கு யாரும் கீசர் போடுவதற்கு முன் ஒரு தடவை எண்ணைக் குறியுங்கள். எங்கள் மாமாவின் எட்டு அறை லொட்ஜில் 8 யூனிட் ஓடியிருந்தது. எட்டு மணித்தியாலத்தில் 8 யூனிட் என்றால், ஊரே தூங்கும்போது ஒரு கிலோவோட் விடாமல் ஓடியிருக்கிறது. மாதத்துக்கு 240 யூனிட், பெரும்பகுதி யாருக்கும் பிரயோசனம் இல்லாமல்.

2. எங்கே போகிறது என்று பிடியுங்கள்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். மாமா போர்டில் ட்ரிப் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். நான் வெளியே டோர்ச்சோடு நின்று மீற்றரில் மினுங்கும் சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன், கரண்ட் கூட ஓடினால் அது வேகமாக மினுங்கும். மேல்மாடி லைனை இறக்கியதும் மினுங்கல் சட்டென்று மெதுவானது. ஆளில்லாத அறைகளிலும் கீசர் போட்டபடி கிடந்தது. வாசலில் 150 வோட் ஹலோஜன் விளக்கு இரண்டு. ஸ்டோரில் நாலு சோடாப் போத்தலுக்காக ஒரு பெரிய கூலர். போர்டின் மூடியை மட்டும் நீங்கள் கழற்றாதீர்கள், அது எலெக்ட்ரீஷியன் வேலை. பிரிஜ் லைனை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

3. வெந்நீரைக் கணக்குப் போடுங்கள்

16 பாகையில் வரும் 50 லீற்றர் தண்ணீரை 60 பாகைக்குச் சூடாக்க ஏறக்குறைய இரண்டரை யூனிட் வேண்டும். 2 கிலோவோட் கீசருக்கு இது ஒன்றேகால் மணித்தியால வேலை. ஆகவே ஆட்கள் வரும் நேரத்தைக் கேட்டு, அதற்கு ஒன்றரை மணித்தியாலம் முன் போட்டால் போதும். நாள் முழுக்கப் போட்டு வைத்தால் தாங்கி ஆறுவதும் மறுபடி சுடுவதுமாகக் கரண்ட் வீணாகும்.

அடுத்து ஷவருக்குக் கீழே 10 லீற்றர் வாளியை வையுங்கள். 40 செக்கனில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லீற்றர் ஊற்றுகிறது. நிமிடத்துக்கு 8 லீற்றர் விடும் ஷவர் தலை மாற்றினால் வெந்நீர்ச் செலவு பாதிக்குக் கிட்ட வந்துவிடும். வெந்நீர்க் குழாய்க்கு நுரை உறை போடுங்கள். இவற்றைச் செய்யாமல் சோலார் கீசர் வாங்க ஓட வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். மூடுபனி நாட்களில் அதற்கும் கரண்ட் துணை வேண்டும்.

4. பில்லில் உங்கள் வகுதியைப் பாருங்கள்

42 கேவிஏக்கு (ஒரே நேரத்தில் எடுக்கும் மின்சாரத்தின் அளவு, ஏறக்குறைய கிலோவோட் மாதிரி) மேல் எடுக்கும் பெரிய கட்டடங்களுக்கு மாலை 6.30 முதல் 10.30 வரை யூனிட் விலை அதிகம். சலவை இயந்திரத்தைப் பகலில் போடுங்கள்.

5. ஒரு வாரம் கழித்து மறுபடி மீற்றர்

மாமாவின் இரவுக் கணக்கு 8 இல் இருந்து 3 ஆனது. மிச்சத்தில் ஒரு பங்கு குசினி பிரிஜ். கதவிடுக்கில் 20 ரூபா நோட்டை வைத்து மூடி இழுத்தோம், வழுக்கிக்கொண்டு வந்தது. இந்த வாரம் ரப்பர் மாற்றுகிறோம்.