விதைநெல்லில் ஒரு மரபணு வேலைக்கு வருவதை வீட்டிலேயே பார்ப்பது எப்படி

குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் டெல்டாவில் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்த நெல் தார்ப்பாய்க்கு அடியிலேயே முளை விட்டுவிடும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள் என்ற கவலை ஒரு பக்கம் இருக்க, முளைத்த நெல் அரிசியாகவும் தேறாது. அந்தக் குவியலுக்குள் நடப்பதைத்தான் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 'மரபணு வெளிப்பாடும் ஒழுங்குபடுத்தலும்' என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். பாடத்தில் லாக் ஓபரான் (லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கும் மரபணுக்களை ஒன்றாக இயக்கி நிறுத்தும் அமைப்பு) வரும், 1961-இல் ஜேக்கப்பும் மோனோவும் சொன்னது. அருமையான வேலைதான், ஆனால் அது பாக்டீரியாவில் நடப்பது, நாம் கண்ணால் பார்க்க முடியாது. நெல்லில் நடப்பதைப் பார்க்கலாம். சமையலறைச் சாமான்கள், மருந்துக்கடை டிங்சர், பூச்சிமருந்துக் கடையில் ஒரு பாட்டில், மூன்று நாள் பொறுமை, அவ்வளவுதான்.

என்ன பார்க்கப் போகிறோம் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். நெல்லுக்கு 12 ஜோடி குரோமோசோம், ஒரு தொகுப்பில் ஏறத்தாழ 39 கோடி எழுத்து டி.என்.ஏ. வேரில் இருக்கும் செல்லுக்கும் இலையில் இருக்கும் செல்லுக்கும் அதே டி.என்.ஏ.தான். மாவுச்சத்தை உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் நொதிக்கான மரபணு காய்ந்த விதையிலும் இருக்கிறது, ஆனால் சும்மா கிடக்கிறது. அதை எழுப்புவது யார், எப்போது, எந்தச் செல்லில் என்பதுதான் கேள்வி.

நெல்லும் தட்டும்

விதைநெல்தான் வேண்டும். ஏடிடி 43, கோ 51, மாப்பிள்ளைச் சம்பா எதுவானாலும் சரி, நன்றாக முளைக்கிற விதையாக இருக்கவேண்டும். களத்திலிருந்து அப்படியே வந்த புது நெல்லைத் தவிர்த்துவிடுங்கள், சில ரகங்களுக்கு விதை உறக்கம் உண்டு. கடை அரிசி உதவவே உதவாது. புழுங்கல் என்றால் வெந்து செத்தது, பச்சரிசி என்றால் தீட்டும்போதே கருவும் அலூரோன் என்ற உயிருள்ள மேலடுக்கும் தவிட்டோடு போயிருக்கும். நமக்கு வேண்டியதே அந்த இரண்டும்தான்.

நாற்பது நெல் எடுத்து நகத்தால் உமியை உரியுங்கள், அரிசி கீறாமல். உரித்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு முனையில், ஓரமாக, வெளுத்த சின்னப் பொட்டு தெரியும். அதுதான் கரு. மீதி முழுக்க மாவுச்சத்து அடைத்த செல்கள், முற்றிய மணியில் அவை செத்துப்போனவை. அதைச் சுற்றி, பழுப்புத் தோலுக்குக் கீழே, கண்ணுக்குத் தனியாகத் தெரியாத மெல்லிய அடுக்கு ஒன்று உயிரோடு இருக்கிறது. அதுதான் அலூரோன். ஆக ஒரு நெல்மணியில் உயிருள்ளது கருவும் இந்த மேலடுக்கும் மட்டும்தான், நடுவில் இருப்பது வெறும் சாப்பாடு.

தட்டுக்கு சைனா கிராஸ் என்று பாக்கெட்டில் விற்கும் கடல்பாசி மூன்று நான்கு கிராம், கார்ன் ஃபிளார் கால் டீஸ்பூன், தண்ணீர் 200 மில்லி. ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம், இந்த நொதி கட்டுக்குலையாமல் இருக்கக் கால்சியம் தேவை, குழாய்த் தண்ணீரில் கொஞ்சமாவது இருக்கும். கரையும்வரை கொதிக்கவைத்து, பாட்டிலில் ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து குக்கரில் இருபது நிமிடம் விடுங்கள். மூடி போட்ட நான்கு சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களையும் கூடவே வேகவைத்துவிடலாம். பள்ளி ஆய்வகத்தில் பெட்ரித் தட்டு கொடுத்தால் இன்னும் நல்லது.

அப்புறம் ஜிப்ரெல்லிக் அமிலம், ஜிப்ரெல்லின் என்ற பயிர் ஹார்மோனில் ஒரு வகை. பயிர் ஊக்கி என்ற பெயரில் 0.001 சதவீதத் திரவமாகக் கடைகளில் கிடைக்கிறது, லேபிளில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதற்குமேல் அடர்த்தி வேண்டாம். கடல்பாசிக் கரைசல் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கிண்ணத்துக்கு 50 மில்லி ஊற்றி, இரண்டு கிண்ணத்தில் மட்டும் இந்தத் திரவம் 5 மில்லி கலக்குங்கள். மற்ற இரண்டில் கொதித்து ஆறிய தண்ணீர் 5 மில்லி. இதை விட்டுவிடாதீர்கள், நான்கும் ஒரே அளவு நீர்த்திருந்தால்தான் ஒப்பிட முடியும். கிண்ணத்தின் அடியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதிவிடுங்கள், ஜிப்ரெல்லின் போட்டவை மூன்றும் நான்கும்.

வெட்டுவது

உரித்த அரிசியைத் திரவ பிளீச்சும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்ததில் பத்து நிமிடம் போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் ஐந்து தடவை அலசுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிளீச்சைக் கழிப்பறை ஆசிடுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். இந்தச் சுத்தம்தான் முழுப் பரிசோதனையின் உயிர்நாடி. பூஞ்சணமும் அமைலேஸ் சுரக்கும், பூஞ்சணம் பிடித்த அரிசி எதைக் காட்டினாலும் அதற்கு மதிப்பில்லை.

காய்ந்த அரிசி பிளேடில் நொறுங்கும் என்பதால் ஒரு மணி நேரம் ஊறட்டும். நாற்றங்காலுக்கு விதை ஊறப்போடுவதுபோல் ராத்திரி முழுக்க விடவேண்டாம், அதற்குள் கரு தன் வேலையை ஆரம்பித்துவிட்டால் நம் ஒப்பீடு கெட்டுவிடும். நெருப்பில் காட்டி ஆறிய புது பிளேடால் கருவுள்ள முனையைத் தனியாக, கரு இல்லாத பெரிய பாதியைத் தனியாக வெட்டுங்கள். கருவின் துணுக்கு ஒட்டியிருந்தால் அந்தப் பாதியைத் தூக்கி எறியுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

வெட்டுமுகம் கீழே படும்படி, ஒன்றில் கருவுள்ள துண்டுகள், இரண்டில் கரு இல்லாதவை, மூன்றில் கரு இல்லாதவை ஜிப்ரெல்லினோடு, நான்கில் கரு இல்லாத பாதிகளையே பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றி ஜிப்ரெல்லினோடு. கிண்ணத்துக்கு ஆறேழு போதும். மூடி, நம்மூர் அறைச் சூட்டிலேயே இருட்டில் மூன்று நாள் விடுங்கள்.

மூன்றாம் நாள் துண்டுகளை எடுத்துவிட்டு, டிங்சர் அயோடினைப் பத்து மடங்கு நீர்க்கவைத்துப் பரப்பில் ஊற்றி, ஒரு நிமிடம் கழித்து வடித்து, வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பாருங்கள். மாவுச்சத்து இருக்கும் இடமெல்லாம் கருநீலம். ஒன்றாம் கிண்ணத்தில் துண்டு கிடந்த இடத்தைச் சுற்றி வெளிறிய வட்டம் இருக்கவேண்டும், அங்கே மாவுச்சத்து தின்னப்பட்டுவிட்டது. இரண்டில் வட்டம் இருக்காது, இருந்தாலும் மங்கலாக அரிசி அளவுக்குள்தான். மூன்றில் கருவே இல்லாமல் வட்டம். நான்கில் ஒன்றும் இல்லை. நான்காம் கிண்ணத்திலும் வட்டம் வந்தால் ஊக்கித் திரவத்திலோ சுத்தத்திலோ கோளாறு என்று அர்த்தம், திரும்பச் செய்யவேண்டியதுதான்.

உள்ளே நடந்தது

கரு தண்ணீர் குடித்து விழித்ததும் ஜிப்ரெல்லினைத் தயாரிக்கிறது. நெல்லில் கருவின் ஒரு பகுதியாய், மாவுச்சத்தை ஒட்டிக் கிடக்கும் ஸ்கூட்டெல்லம் முதலில் தானே அமைலேஸ் சுரக்கத் தொடங்கும், அலூரோன் பின்னாலேயே சேர்ந்துகொள்ளும். அலூரோன் செல்லுக்குள் எஸ்.எல்.ஆர். 1 என்ற புரதம் தடையாக உட்கார்ந்திருக்கிறது. ஜிப்ரெல்லின் உள்ளே வந்து ஜி.ஐ.டி. 1 என்ற ஏற்பியில் பொருந்துகிறது (இந்த ஏற்பியை 2005-இல் கண்டுபிடித்ததே நெல்லில்தான்), இரண்டும் சேர்ந்து எஸ்.எல்.ஆர். 1-ஐப் பிடிக்க, செல் அதற்கு யுபிக்விட்டின் என்ற முத்திரை குத்தி, புரதங்களை நொறுக்கும் புரோட்டியசோமுக்கு அனுப்பிவிடுகிறது. வாய்க்கால் நிறைய தண்ணீர் நிற்கும்போது ஷட்டரைத் தூக்கினால் போதும், தண்ணீரைப் பிடித்துத் தள்ளவேண்டியதில்லையே, அது மாதிரிதான். தடை போனதும் ஜி.ஏ.மிப் என்ற இன்னொரு புரதம் உருவாகி, அமைலேஸ் மரபணுவுக்கு முன்னால் இருக்கும் டி-ஏ-ஏ-சி-ஏ-ஏ-ஏ என்ற ஏழெழுத்துத் துண்டில் போய் ஒட்டுகிறது. அதன்பிறகே ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி அங்கே மும்முரமாக அந்த மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. அந்தத் தூது ஆர்.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வந்து ரைபோசோமில் புரதமாகி, செல்லைவிட்டுக் கசிந்து, உங்கள் கிண்ணத்தில் வட்டம் போடுகிறது.

இங்கே ஒன்றைக் கறாராகச் சொல்லவேண்டும், பள்ளிக் கண்காட்சிகளில் இதைத்தான் தவறவிடுகிறார்கள். வட்டம் வந்ததாலேயே மரபணு வேலை செய்தது என்று நிரூபணம் ஆகிவிடாது. நொதி ஏற்கெனவே செய்துவைக்கப்பட்டு, ஜிப்ரெல்லின் அதைத் திறந்துவிட்டிருக்கலாம் அல்லவா? இந்தச் சந்தேகத்தை 1967-இல் பில்னரும் வார்னரும் பார்லியில் அழகாகத் தீர்த்தார்கள். கனமான ஆக்சிஜன்-18 கொண்ட தண்ணீரில் கருவற்ற பாதிகளையும் அலூரோனையும் ஊறவைத்தார்கள். விதையின் சேமிப்புப் புரதம் அந்தத் தண்ணீரால் உடைபடும்போது வரும் அமினோ அமிலங்களில் கனமான ஆக்சிஜன் ஏறிக்கொள்ளும், அவற்றால் புதிதாகக் கட்டப்பட்ட புரதமும் கனமாக இருக்கும். பழைய நொதி என்றால் எடை மாறாது. கிடைத்த அமைலேஸ் கனமாக இருந்தது, ஆக அத்தனையும் புதுசு. நம் கிண்ணம் காட்டுவது அந்த முடிவின் கடைசிக் கட்டத்தை மட்டும்தான், கண்காட்சி அட்டையில் அப்படியே எழுதிவையுங்கள்.

ஜிப்ரெல்லினுக்கு எதிர்ப்பக்கம் நிற்பது அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன். விதை முற்றும்போது இதுதான் அமைலேஸை அடக்கி உறக்கத்தில் வைக்கிறது. உறக்கம் குறைந்த ரகம் ஈரத்தில் கிடந்தால் இந்தப் பிடி தளர்ந்து, குவியலிலேயே முளைக்கிறது.

படியெடுத்தாலும் எல்லாப் படியும் உருப்படியாவதில்லை. சோறு ஒட்டுவதற்கும் உதிரியாக இருப்பதற்கும் காரணம் அமைலோஸ் என்ற மாவுச்சத்து வகையின் அளவு (அமைலேஸ் நொதி வேறு, இது வேறு), அதைச் செய்யும் நொதிக்கு வாக்ஸி என்ற மரபணு. ஜப்பானிய வகை அரிசிகளில் அந்த மரபணுவின் முதல் இன்ட்ரான் (படியெடுத்தபின் வெட்டி எறியப்படும் துண்டு) தொடங்கும் இடத்தில் ஒரே ஓர் எழுத்து, ஜி இருக்கவேண்டிய இடத்தில் டி. வெட்டி ஒட்டும் வேலை சரியாக நடப்பதில்லை, முழுமையான தூது ஆர்.என்.ஏ. குறைவு, அமைலோஸும் குறைவு, சோறு ஒட்டுகிறது. நம் இட்லிக் குண்டு ஏடிடி 37-இல் அந்தச் சிக்கல் இல்லை.

அதே தடை, வெள்ளத்தில்

வெள்ளத்தில் முழுகினாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 நெல் ரகத்தை நட்டவர்களுக்கு இது நேரடியாகப் புரியும். ஐப்பசி கார்த்திகையில் வடிகால் அடைத்து வயல் முழுகிப்போனால் சாதாரணப் பயிர் மூச்சுக்குத் தவித்து உயரமாக நீளப் பார்க்கும். கையிருப்புச் சர்க்கரை தீர்ந்து, தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழும். நீளச் சொல்வது ஜிப்ரெல்லின்தான். சப் 1ஏ மரபணு உள்ள பயிரில் வேறு கதை. செல்லில் உண்டாகும் எத்திலீன் வாயு தண்ணீருக்குள் வெளியேற முடியாமல் சேர்ந்துவிடுகிறது (வாயுக்கள் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும்). அந்த எத்திலீன் சப் 1ஏ-வை எழுப்ப, அது எஸ்.எல்.ஆர். 1-ஐயும் அதன் பங்காளி எஸ்.எல்.ஆர்.எல். 1-ஐயும் பெருக்கிவிடுகிறது. நாம் கிண்ணத்தில் நொறுக்கிய அதே தடை! பயிர் நீளாமல், சர்க்கரையைச் செலவழிக்காமல், இரண்டு வாரம்வரை தாக்குப்பிடித்து, தண்ணீர் வடிந்ததும் புதுக் குருத்து விடும். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற ரகத்திலிருந்து வந்தது இது, மரபணுவை அடையாளம் கண்டது 2006-இல். புதுப் புரதம் எதையும் வயலுக்காகக் கண்டுபிடிக்கவில்லை, அயல் மரபணு எதையும் புகுத்தவும் இல்லை. கலப்பினத்தில், டி.என்.ஏ. குறியீட்டின் துணையோடு தேர்ந்தெடுத்து, இருக்கிற தடை எப்போது இறங்கவேண்டும் என்பதை மாற்றியதுதான்.

மிச்சம் இருக்கிற விதையில் இன்னொன்று செய்து பாருங்கள். உமியோடு பத்து நெல்லை, நன்றாகக் கொதித்து ஆறிய தண்ணீர் விளிம்புவரை நிறைந்த பாட்டிலில் போட்டுக் காற்றுப் போகாமல் மூடுங்கள். பக்கத்தில் ஈரத்துணியில் பத்து. ஒரு வாரத்தில் துணியில் வேரும் முளையும் சேர்ந்து வரும். பாட்டிலில் வேர் இருக்காது, வெளுத்த முளையுறை மட்டும் மேலே நீளும். கோதுமையை அப்படிப் போட்டால் முளைக்கவே முளைக்காது. ஆக்சிஜன் இல்லாதபோதும் நெல் தன் அமைலேஸை எழுப்புகிறது, அங்கே அதற்குச் சமிக்ஞை ஜிப்ரெல்லின் இல்லை, சர்க்கரைப் பஞ்சம். பாட்டிலை ஏழு நாளுக்குமேல் வைக்காதீர்கள், நாற்றம் தாங்காது. கிண்ணங்களைப் பிளீச் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவி, அதன்பிறகு சமையலுக்கு எடுக்காமல் தனியாக வைத்துவிடுங்கள்.