பணம் போகும் வேகம், திரும்பும் வேகம்: பெரிய தொகை வைத்து ஆடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கணக்குத் தொடங்கிய ஒரு வாடிக்கையாளர் இருபதே நிமிடத்தில் 23,000 பவுண்டு வைத்து ஆடிவிட்டார். அவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் வில்லியம் ஹில் என்ற பந்தய நிறுவனக் குழுமத்தின் மீது எடுத்த நடவடிக்கையை 2023 மார்ச்சில் அறிவித்தபோது வெளியிட்ட விவரங்களில் இதுவும் ஒன்று. குழுமம் கட்ட வேண்டி வந்த தொகை 1.92 கோடி பவுண்டு. ஆணையத்தின் வரலாற்றில் அதுவரை இல்லாத அளவு.

நிறுவனம் ஏன் சோதிக்கவில்லை என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள். அது சரியான கேள்விதான். ஆனால் அந்த இருபது நிமிடத்தையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவு ரொக்கத்தை வங்கியில் சொல்லிவைத்து, எடுத்து, எண்ணி, பெட்டிங் கடைக்குக் கொண்டுபோவதற்கே ஒரு காலத்தில் அரை நாள் ஆகியிருக்கும். அந்த அரை நாளில் மனைவி போன் செய்வார், பசிக்கும், மனசு மாறும். பிரிட்டனில் வங்கிக்கு வங்கி நொடிகளில் பணம் அனுப்பும் ஃபாஸ்டர் பேமென்ட்ஸ் 2008இல் வந்தது. கார்டு விவரம் போனிலேயே இருக்கிறது. முகத்தைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. மனசு மாற இருந்த நேரம் காணாமல் போய்விட்டது.

பெரிய தொகை வைத்து விளையாட்டுப் பந்தயம் ஆடுபவர்கள் பொதுவாக ஒன்றைத்தான் விசாரிக்கிறார்கள்: எந்த நிறுவனம் ஜெயித்த பணத்தைச் சீக்கிரம் தரும்? முதல் தவறு இந்த இடத்திலேயே நடந்துவிடுகிறது. வெளியே வரும் வேகத்தை மட்டும் பார்க்கிறோம். உள்ளே போகும் வேகத்தை வசதி என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறோம். பெரும்பாலான சேதம் உள்ளே போகும் வழியில்தான் நடக்கிறது.

மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே பந்தயம் கட்டியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பட்டனை அழுத்தியதும் பந்தயம் உடனே ஏற்கப்படாது. ஒரு சக்கரம் சில நொடிகள் சுற்றும். அதற்குள் கோல் விழுந்தாலோ விக்கெட் விழுந்தாலோ உங்கள் பந்தயத்தை நிறுவனம் மறுத்துவிடும், இல்லையென்றால் விலையை, அதாவது ஜெயித்தால் எத்தனை மடங்கு கிடைக்கும் என்ற விகிதத்தை, மாற்றிக் கேட்கும். களத்தில் நடப்பதை உங்களுக்கு முன்னால் பார்த்தவர்களிடமிருந்து நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ள வைத்த தாமதம் அது. அதாவது, தாமதம் ஒரு பாதுகாப்பு என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். உங்கள் பக்கத்தில் மட்டும் எந்தத் தாமதமும் இல்லை. 500 பவுண்டு தோற்ற அடுத்த நொடியே இன்னொரு 500 போட முடியும்.

அந்தத் தாமதத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம், பிரிட்டனில் அதற்கு விதியும் இருக்கிறது. டெபாசிட் வரம்பு ஒன்றை நிர்ணயித்துவிட்டால், அதைக் குறைப்பது உடனே நடக்கும். கூட்ட வேண்டுமென்றால் 24 மணி நேரம் காத்திருந்து மறுபடியும் உறுதிசெய்ய வேண்டும். பெரிய ஆட்டக்காரர்கள் பலர் இதைச் சின்னப் பையன்களுக்கான ஏற்பாடு என்று ஒதுக்குகிறார்கள். தொகை பெரிதாகப் பெரிதாகத்தான் இது அதிகம் தேவைப்படும். கிரெடிட் கார்டில் சூதாடுவதற்கு அங்கே 2020 ஏப்ரல் 14 முதல் தடை வந்ததற்கும் காரணம் இதேதான்: கையில் இல்லாத பணம் கணநேரத்தில் மேசைக்கு வந்துவிடக் கூடாது.

இப்போது வெளியே வரும் பணத்துக்கு வருவோம். ஒருவர் சனிக்கிழமை இரவு 8,000 பவுண்டு ஜெயித்து, அதை எடுக்கக் கோரிக்கை கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் ‘பரிசீலனையில்’ என்று வருகிறது. அதற்குக் கீழேயே ‘கோரிக்கையை ரத்து செய்’ என்று ஒரு பட்டன். ஞாயிறு காலை பார்க்கிறார், அதே நிலை. மாலை நாலரைக்கு ஒரு பெரிய பிரீமியர் லீக் மேட்ச். பணம் இன்னும் வங்கிக்கு வரவில்லை, அதனால் அது தன் பணம் என்ற உணர்வும் வரவில்லை. ஜெயித்த பணத்திலிருந்து ஆயிரத்தை மட்டும் திருப்பிப் போடலாமே என்று தோன்றுகிறது. பட்டனை அழுத்தினால் ஆயிரம் மட்டும் திரும்பாது. எட்டாயிரமும் கணக்குக்குத் திரும்பிவிடும். திங்கள் காலையில் அவரிடம் என்ன மிஞ்சியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ரத்து வசதியைப் பிரிட்டன் 2021 அக்டோபர் 31 முதல் ஆன்லைன் நிறுவனங்களுக்கு நிரந்தரமாகத் தடை செய்துவிட்டது. அந்த நாட்டு உரிமம் இல்லாத வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் அது இன்னும் இருக்கிறது. ஒரு தளத்தில் அந்தப் பட்டன் இருந்தால், பணம் எவ்வளவு நேரம் ‘பரிசீலனையில்’ கிடக்கிறதோ அவ்வளவு நேரமும் உங்களுக்கு வலை விரித்திருக்கிறது என்று அர்த்தம். கோரிக்கை கொடுத்ததும் செயலியை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பணம் வங்கிக்கு வரும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கேஷ் அவுட்டும் வேகத்தை விற்கும் ஒரு பொருள்தான். மேட்ச் முடியும் முன்பே ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறச் சொல்கிறார்கள். அந்தத் தொகை, அந்த நிமிடத்தில் உங்கள் பந்தயத்தின் நியாயமான மதிப்பைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். பந்தயம் கட்டும்போது விலையில் ஏற்கெனவே ஒரு முறை லாபம் எடுத்துக்கொண்டவர்கள், வெளியேறும்போது இன்னொரு முறை எடுக்கிறார்கள். பத்து பவுண்டில் இது தெரியாது. ஐயாயிரத்தில் தெரியும்.

அடுத்த தவறுதான் மிகவும் ஆபத்தானது. நூறு பவுண்டு எடுத்துப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் வந்துவிட்டது, அதனால் தளம் நம்பகமானது என்று முடிவு செய்வது. மோசடித் தளங்கள் சின்னத் தொகைகளை வேகமாகத் தருவதே இந்த முடிவுக்கு உங்களைக் கொண்டுவரத்தான். நம்பிக்கை வந்து பெரிய தொகை உள்ளே போன பிறகு கதை மாறும். வரி கட்டினால்தான் விடுவிப்போம், சரிபார்ப்புக் கட்டணம் போடுங்கள், இன்னொரு டெபாசிட் செய்தால் கணக்கு திறக்கும் என்று வரிசையாக வரும். பிரிட்டனில் பந்தயம் ஆடுபவர் ஜெயித்த பணத்துக்கு வருமான வரியே கிடையாது. எந்த நாடாக இருந்தாலும் சரி, உங்கள் பணத்தை எடுக்க நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் அத்துடன் நிறுத்துங்கள். அதற்குமேல் ஒரு பைசா அனுப்ப வேண்டாம். கிரிப்டோவில் பணம் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதை ரத்து செய்து திரும்பக் கேட்க வங்கி என்று ஒன்று நடுவில் இருக்காது.

வேகத்தைப் பார்க்கும் முன்பு உரிமத்தைப் பாருங்கள். 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் பந்தய ஒப்பந்தங்களை நீதிமன்றத்தில் வசூலிக்கத் தக்கதாக்கியது. 2018 ஜனவரியில் பெட்ஃபிரெட் என்ற பந்தய நிறுவனத்தின் ஒரு கேசினோ விளையாட்டில் 17 லட்சம் பவுண்டு ஜெயித்தவருக்கு, மென்பொருள் கோளாறு என்று சொல்லி நிறுவனம் பணம் தர மறுத்தது. 2021 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. மூன்று ஆண்டுக்கு மேல் இழுத்தது உண்மை. ஆனால் வழக்குப் போட ஒரு நிறுவனமும் ஒரு முகவரியும் இருந்தன. குராசாவோ தீவில் பதிவான, யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத தளத்தின் மீது எங்கே போய் வழக்குப் போடுவது?

உரிமம் உள்ள இடத்திலும் பெரிய தொகை தாமதமாகும். அதில் பாதி, ஆடுபவரே இழுத்துவிட்டுக்கொள்வது. மச்சான் பெயரில் கணக்கு, நண்பன் கார்டில் டெபாசிட், தன் பெயரில் வித்ட்ராயல் என்று போனால் எந்த நிறுவனமும் பணத்தை நிறுத்தி வைக்கும். பணம் எந்த வழியில் வந்ததோ அதே வழியில்தான் திரும்ப வேண்டும் என்பது பணமோசடித் தடுப்பில் பொதுவான நடைமுறை. அடிக்கடி ஜெயிப்பவர்களின் பந்தய அளவை நிறுவனங்கள் வெட்டிவிடுவதால் பலர் அடுத்தவர் கணக்குக்குப் போகிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது விதிமுறை மீறல். ஜெயித்த அன்று அதைக் காட்டியே பணத்தை மறுப்பார்கள்.

பெயர், முகவரி, பிறந்த தேதியை ஆடத் தொடங்கும் முன்பே சரிபார்க்க வேண்டும் என்பது 2019 மே 7 முதல் பிரிட்டனில் விதி. முன்கூட்டியே கேட்டிருக்கக்கூடிய அடையாளச் சான்றைப் பணம் எடுக்கும்போது கேட்டு இழுத்தடிக்கக் கூடாது. ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எப்போது வேண்டுமானாலும் வரும். சம்பள ரசீது, வங்கி அறிக்கை, வீடு விற்ற பத்திரம் என எது உங்கள் ஆதாரமோ அதைத் தயாராக வைத்திருங்கள்.

இன்னொரு வகைத் தாமதம் உண்டு, அதைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. பணம் குற்றத்தில் வந்ததோ என்று நிறுவனம் சந்தேகித்தால், 2002ஆம் ஆண்டுக் குற்ற வருமானச் சட்டத்தின்படி தேசியக் குற்றத் தடுப்பு அமைப்பிடம் அனுமதி கேட்கும். பதிலுக்கு ஏழு வேலை நாள் காத்திருக்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் இன்னும் 31 நாள். இடையில் உங்களிடம் காரணம் சொன்னால் அதுவே குற்றமாகிவிடலாம் என்பதால் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் மழுப்பலாகத்தான் பேசுவார். அவரிடம் கத்துவதால் எதுவும் நகராது. எழுத்தில் புகார் கொடுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் ஐபாஸ் போன்ற நடுவர் அமைப்புக்குக் கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம்.

ஜெயித்த பணத்தைப் பெட்டிங் கணக்கிலேயே விட்டு வைப்பது இன்னொரு தவறு. நாளைக்கு மறுபடி போட வேண்டியதுதானே என்ற சோம்பல். அந்தக் கணக்கு வங்கிக் கணக்கு அல்ல, வைப்புக் காப்பீடு எதுவும் அதற்குக் கிடையாது. நிறுவனம் திவாலானால் வாடிக்கையாளர் பணத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதை மூன்று நிலைகளில் ஒன்றாக விதிமுறைப் பக்கத்தில் குறிப்பிட வேண்டும். பாதுகாப்பே இல்லை என்பதும் அவற்றில் ஒன்று, அதுவும் அனுமதிக்கப்பட்டதுதான்! 2021 மார்ச்சில், கால்பந்து வீரர்களைப் பங்குகள் போல வாங்கி விற்றுப் பந்தயம் ஆடும் ஃபுட்பால் இன்டெக்ஸ் தளம் விழுந்தபோது அது உரிமம் பெற்ற நிறுவனமாகத்தான் இருந்தது.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட்டில் நிறைவேற்றியது. அவற்றுக்கு வங்கிகளும் பணப் பரிமாற்ற நிறுவனங்களும் உதவுவதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. அதனால் அங்கே பந்தயப் பணம் யூபிஐ வழியாக யார் யார் பெயரிலோ உள்ள வாடகைக் கணக்குகளுக்குப் போகிறது. ஜெயித்ததாக உங்களுக்கு வரும் பணமும் அதே கணக்குகளிலிருந்துதான் வரும். அதில் ஒன்று சைபர் குற்ற வழக்கில் சிக்கினால் உங்கள் சம்பளக் கணக்கும் சேர்ந்து முடங்கலாம். ஏமாற்றப்பட்டிருந்தால் 1930க்கு உடனே அழையுங்கள். அந்த ஒரு இடத்தில் வேகம் உங்களுக்கு உதவும்.

கடைசியாக, நிறுத்த நினைப்பவர்கள் செய்யும் தவறு. பிரிட்டனில் மோன்சோ போன்ற வங்கிகளின் செயலியிலேயே சூதாட்டத் தடை உண்டு. அதை நீக்க நினைத்தால் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் இத்தகைய தடை அடிப்படையில் கார்டு பரிவர்த்தனையில் சூதாட்டத்துக்கென்று உள்ள 7995 என்ற குறியீட்டைப் பார்த்து வேலை செய்கிறது. வங்கியிலிருந்து நேரடியாக அனுப்பும் பணத்தையோ இ-வாலட் வழியாகச் சுற்றிப் போகும் பணத்தையோ அது பிடிக்காமல் போகலாம். சூதாட்டத்திலிருந்து தன்னைத் தானே விலக்கிக்கொள்ள உதவும் கேம்ஸ்டாப் திட்டத்தில் பதிந்தால் பிரிட்டன் உரிமம் பெற்ற ஆன்லைன் நிறுவனங்கள் எல்லாம் ஆறு மாதம், ஓராண்டு அல்லது ஐந்தாண்டு மூடிக்கொள்ளும், வெளிநாட்டுத் தளங்கள் மூடாது. அதனால் ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டையும் செய்யுங்கள். வங்கிக்குப் போன் செய்து, தடை எந்தெந்த வகைப் பணத்துக்குப் பொருந்தும் என்று கேளுங்கள். நேரடிப் பரிமாற்றத்துக்குப் பொருந்தாது என்றால் தினசரி அனுப்பும் வரம்பைக் குறைக்க முடியுமா என்று அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள். யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 0808 8020 133 என்ற தேசியச் சூதாட்ட உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள், கட்டணம் கிடையாது.