சென்னை பீச் – தாம்பரம் எலக்ட்ரிக் ட்ரெயின்ல புதுசா ஏறுறவங்க பண்ற தப்புகள்

முதல் தப்பு பீச் ஸ்டேஷன்லயே ஆரம்பிச்சிடுது. பேர்ல பீச் இருக்கேன்னு மெரினா போக அங்க போய் இறங்குறாங்க, வெளிய வந்து பாத்தா ராஜாஜி சாலையும் ஹார்பரும்தான் இருக்கும், மணலும் இல்ல சுண்டலும் இல்ல. அந்த ரோட்டுக்கே பழைய பேரு நார்த் பீச் ரோடு, ஹார்பர் வர்றதுக்கு முன்னாடி கடல் அங்கயேதான் இருந்துச்சு, பேர் மட்டும் ஸ்டேஷன்ல தங்கிடுச்சு. மெரினாவுக்கு போகணும்னா வேளச்சேரி போற பறக்கும் ரயில்ல (பாலத்து மேல ஓடுற லோக்கல்) ஏறி சேப்பாக்கம், திருவல்லிக்கேணி இல்லன்னா கலங்கரை விளக்கம், இதுல எது பக்கமோ அங்க இறங்குங்க.

கேட்டா இந்த லைன்ல முக்கால்வாசி தப்பு ஸ்டேஷன் பேரை நம்பி இறங்குறதுனாலதான் வருதுன்னு சொல்வேன். ஏர்போர்ட் போறவங்க மீனம்பாக்கத்துல இறங்கிடுவாங்க, ஏன்னா சின்ன வயசுலேருந்து "மீனம்பாக்கம் ஏர்போர்ட்"னே கேட்டு பழகியிருக்கோம். ஆனா ஏர்போர்ட்டுக்கு நேர் எதிர்ல இருக்குறது அடுத்த ஸ்டேஷன், திரிசூலம். அங்க இறங்கி ஜிஎஸ்டி ரோட்டைக் கடந்தா போதும். இதுல மெட்ரோவுக்கும் மீனம்பாக்கம்னு ஒரு ஸ்டேஷன் தனியா இருக்கு, அதுக்கும் இதுக்கும் டிக்கெட்டும் வேற, ஏர்போர்ட் மெட்ரோ ஸ்டேஷன் அதுக்கு அடுத்தது, பெட்டியை வச்சுக்கிட்டு குழம்பாதீங்க.

அதே மாதிரி தாம்பரம் சானடோரியம். அனவுன்ஸ்மென்ட்ல "தாம்பரம்"னு காதுல விழுந்த உடனே அவசரமா இறங்கிடுறாங்க, பீச்லேருந்து வரும்போது இது தாம்பரத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாடி. 1928-ல அங்க ஆரம்பிச்ச காசநோய் ஆஸ்பத்திரியோட பேரு அது. எக்ஸ்பிரஸ் பிடிக்க வந்தவங்க இங்க இறங்கினா அடுத்த யூனிட், அதான் லோக்கல் வண்டி, வர்ற வரைக்கும் வயித்துல புளி கரைக்கும்.

சென்ட்ரல் விஷயம் இன்னும் மோசம். வெளியூர்லேருந்து சென்ட்ரல்ல வந்து இறங்குறவங்க அங்கயே தாம்பரம் வண்டியைத் தேடுவாங்க, பக்கத்துல இருக்குற மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்லேருந்து கெளம்புறதெல்லாம் ஆவடி, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி பக்கம் போற லோக்கல். தாம்பரம் போக ரோட்டைத் தாண்டி பார்க் ஸ்டேஷனுக்கு வரணும். பார்க் டவுன்னு இன்னொன்னு பக்கத்துலயே இருக்கு, அது பறக்கும் ரயில் ஸ்டேஷன், அங்க ஏறினா வேளச்சேரி பக்கம்தான் போவீங்க. கோட்டை ஸ்டேஷன்ல தாம்பரம் வண்டி, வேளச்சேரி வண்டி ரெண்டும் வரும்ங்கறதால, வந்த வண்டியில தொத்தாம முன்னாடி இருக்குற போர்டைப் படிச்சிட்டு ஏறுங்க. செங்கல்பட்டு போறவங்களுக்கும் இதேதான், நெறைய வண்டி தாம்பரத்தோட முடிஞ்சிடும்.

வரலாறு சொல்றவங்க பண்ற தப்பும் ஒன்னு இருக்கு, சொல்லாம விட மனசு வரல. மெட்ராஸ்ல ரயிலே 1931-லதான் வந்துச்சுன்னு சிலர் சொல்லிட்டு திரியுறாங்க. 1931-ல வந்தது பீச் – தாம்பரம் எலக்ட்ரிக் சர்வீஸ், அதுவும் மீட்டர் கேஜ்ங்கற குறுகலான தண்டவாளத்துல. ரயில் அதுக்கு எவ்வளவோ முன்னாடி, 1856-லயே ராயபுரத்துலேருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடிடுச்சு, தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் அதுதான். எழும்பூர் ஸ்டேஷன் கட்டடம் 1908. மீட்டர் கேஜ் யூனிட் 2004 வரைக்கும் இந்த லைன்ல ஓடுச்சு, அதனால "அந்தக் காலத்து வண்டி"ன்னு சொல்றது ஒன்னும் ரொம்ப பழைய கதை இல்ல, இப்ப முப்பது வயசு ஆனவங்களே அதுல போயிருப்பாங்க.

சரி டிக்கெட்டுக்கு வருவோம். குறைஞ்ச டிக்கெட் 5 ரூபாய், டிக்கெட் இல்லாம மாட்டினா குறைஞ்ச ஃபைன் 250 ரூபாய், அதுக்கு மேல டிக்கெட் காசு வேற. இதுக்கப்புறமும் க்யூ பெருசா இருக்குன்னு அப்படியே ஏறுறவங்களை என்ன சொல்றது. ரயில்வே ஆப்ல டிக்கெட் போட்டுக்கலாம்னு ஏறிட்டு செக்கரைப் பாத்தப்புறம் போனை எடுத்தாலும் பிரயோஜனம் இல்ல, தண்டவாளத்துக்கிட்ட வந்துட்டா அது போட விடாது, ஸ்டேஷன்ல ஒட்டியிருக்குற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி ஏறுறதுக்கு முன்னாடியே போட்டுடணும். அடுத்தவங்க அனுப்பின ஸ்க்ரீன்ஷாட் செல்லாது. போன் சார்ஜ் இறங்கி டிக்கெட்டைக் காட்ட முடியலன்னாலும் டிக்கெட் இல்லாத கணக்குதான்.

கூட்டமா இருக்கேன்னு காலியா தெரியுற பெட்டியில பாய்ஞ்சு ஏறுவாங்க, அது ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கும் இல்லன்னா லேடீஸ் கோச். சாதா டிக்கெட் வச்சுக்கிட்டு ஃபர்ஸ்ட் கிளாஸ்ல உக்காந்தாலும் ஃபைன் உண்டு. 2025 ஏப்ரல்லேருந்து ஏசி யூனிட்டும் ஓடுது, அதுக்கு டிக்கெட்டே 35 ரூபாய்லதான் ஆரம்பிச்சாங்க, உங்க சாதா சீசன் அதுல செல்லாது. கதவு தானா மூடிக்கும், ஓடிவந்து தொத்துற பழக்கமெல்லாம் அதுல நடக்காது. எழும்பூர்லயோ மாம்பலத்துலயோ லோக்கல் டிக்கெட்டை வச்சு தாம்பரம் வரைக்கும்தானேன்னு எக்ஸ்பிரஸ்ல ஏறுறதும் அதே ரகம்.

அப்புறம் ஞாயித்துக்கிழமை. வார நாள்ல வர்ற மாதிரி அடுத்தடுத்து வண்டி வரும்னு நெனச்சு கெளம்பாதீங்க, அன்னிக்கு டைம்டேபிளே தனி, வண்டி கம்மி, ட்ராக் வேலைன்னு சில நாள் அதுலயும் கேன்சல் பண்ணுவாங்க. தாம்பரத்துல எக்ஸ்பிரஸ் பிடிக்கிற வேலை இருந்தா முந்தின நாளே பாத்து வச்சுக்குங்க, எழும்பூரா தாம்பரமான்னு டிக்கெட்ல ஒரு தடவை சரி பாத்துட்டு கெளம்புங்க, முன்ன எழும்பூர்லேருந்து கெளம்பின சில வண்டி இப்ப தாம்பரத்துலேருந்துதான் கெளம்புது.