புலனத்தில் பாதி, வகுப்பில் பாதி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடத்தில் நான் செய்வது இது. முதல்நாள் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) இரண்டு நிமிடக் காணொளி அனுப்புங்கள்: ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலம் விட்டதும் அது கட்டியாகிறது, அவ்வளவுதான். காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளையே ஊகித்துக் குரல்பதிவு அனுப்பட்டும். பல வீடுகளில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு வரை நேரம் கொடுங்கள்.

மறுநாள் வகுப்பில் இரண்டு குவளைப் பசும்பால். ஒன்றில் எலுமிச்சைச் சாறு, மற்றதில் வெறும் தண்ணீர். "தண்ணீர் எதற்கு டீச்சர்?" என்று யாராவது கேட்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

போன வாரம் ஒரு பையன், "அமிலமே ஊற்றாமல் மங்கில் கிடக்கிற பால் ஒட்டுப்பால் ஆகிறதே, எப்படி?" என்றான். மங்கு என்பது மரத்தில் ரப்பர் பால் வடியும் கிண்ணம்; ஒட்டுப்பால், அதில் தானாகவே கட்டியான ரப்பர். பதில் சொல்ல நாக்கு துடித்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அவன் பாட்டியிடம் கேட்டு வரச் சொன்னேன். "புளிச்சிடும்பா" என்றாராம். சரி, பாலைப் புளிக்கவைத்து அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா பற்றிய காணொளி அன்றிரவே போனது.